சிட்காவின் இரண்டு வெள்ளிக்கிழமைகள்

1867ஆம் ஆண்டோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. ஆனால் போன வசந்தத்தில் மூன்று மாதம் அந்த ஒரே வருஷத்துக்குள் என்னை அடைத்துப் போட்டார்கள். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் நான் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம், பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி விற்கிறது. தங்கள் முப்பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று தேடுகிறவர்கள் எங்களுக்குச் சந்தா கட்டுகிறார்கள். அவர்களுக்காக அலாஸ்காவிலிருந்து ரஷ்யத் தேவாலயங்களின் பழைய புத்தகங்கள் படம் படமாக வந்து இறங்கின. அவற்றில் உள்ள தேதிகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

அந்த வருஷம் வரை அலாஸ்கா ரஷ்யப் பேரரசின் சொத்து. அந்த வருஷம்தான் அதை அமெரிக்காவுக்கு விற்றார்கள். ரஷ்யர்கள் அப்போது பழைய காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவின் மற்ற ஊர்களைவிட அவர்களுடைய தேதி பன்னிரண்டு நாள் பின்தங்கி இருந்தது. ஆக, ரஷ்யத் தேதியோடு பன்னிரண்டைக் கூட்டினால் நம் தேதி வந்துவிடும். அதற்கான கணினி நிரலைப் பத்து வரியில் எழுதி முடித்துவிட்டேன். என் மேலாளர் நாலு நாள் ஆகும் என்று நினைத்திருந்தார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

சோதனைக்காக அந்த வருஷத்து ரஷ்யச் சங்கதிகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு தேதி எழுதினேன். அலாஸ்காவை விற்கும் ஒப்பந்தம்: அவர்களுக்கு மார்ச் 18, நமக்கு மார்ச் 30. பாரிஸ் கண்காட்சிக்குப் போன பேரரசரை ஒரு போலந்துக்காரன் சுட்டது: அவர்களுக்கு மே 25, நமக்கு ஜூன் 6. குண்டு அவர் மேல் படவில்லை, ஒரு குதிரையின் மேல் பட்டது. அதே வருஷம் தாஷ்கண்டில் புது ஆளுநரை உட்கார வைத்து மத்திய ஆசியாவை இறுக்கிப் பிடித்தார்கள். பேரரசின் இன்னொரு மூலையில், பின்லாந்தில், வசந்தம் வரவே இல்லை. ஜூன் மாதம் வரை ஏரிகளில் பனிக்கட்டி. செப்டம்பரிலேயே உறைபனி விழுந்து விளைந்ததையும் கருக்கியது. ஜனங்கள் மரப்பட்டையை அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள், கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இதை நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். பின்லாந்தில் மட்டும் ஏற்கெனவே புதுக் காலண்டர்தான், அங்கே பன்னிரண்டைக் கூட்டக்கூடாது என்பதுதான் என் மண்டையில் ஏறியது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு முந்தின ஜூன் மாதம்தான் அப்பா இறந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஆறே கால். வேலை முடிந்து 880 ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "அப்பா போயிட்டார்டா" என்று மட்டும் சொன்னாள். காரை ஓரம் கட்டினேன். பக்கத்தில் லாரிகள் போகப் போகக் கார் ஆடியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கிரீன் கார்டு கடைசிப் படியில் இருந்தது. வக்கீலுக்கு மெயில் அனுப்பினேன். இப்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவதில் சிக்கல் வரலாம், முடிவு உங்களுடையது என்று பதில் எழுதினார். வரலாம் என்றுதான் எழுதியிருந்தார். நான் அதை வரும் என்று படித்துக்கொண்டேன். நான் ஒரே பிள்ளை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். என் மனைவியும் நானும் கார்பெட்டில் உட்கார்ந்து அதை போனில் பார்த்தோம். நடுவில் இரண்டு தடவை படம் உறைந்து நின்றது. விசாரித்த எல்லோரிடமும் போக முடியவில்லை என்று சொன்னேன். நீ என்ன பண்ணுவே பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பாவத்தை நானும் வசதியாக வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

போகாததற்கு ஈடாக, முதல் வருஷம் மாதா மாதம் செய்ய வேண்டிய மாசிகத்தை ஒன்று விடாமல் செய்வது என்று வைராக்கியம் எடுத்தேன். இங்கே கோயில் வாத்தியார் வீடியோவில் வந்து செய்து வைப்பார். அவருடைய வலைத்தளத்தில் ஒரு படிவம் உண்டு. இறந்த தேதி, நேரம், ஊர் என்று கேட்டிருந்தது. போனில் அம்மாவின் அழைப்பு வந்த தேதியையும் நேரத்தையும் பார்த்து எழுதினேன். ஊர் என்ற இடத்தில் சென்னை என்று போட்டேன். மறுநாள் வாத்தியார் தேய்பிறை நவமி என்று திதி குறித்து அனுப்பினார்.

அதன்பின் மாதம் ஒரு நாள் லீவு. மௌரி அவென்யூ கடையில் வாழைக்காய், பயத்தம்பருப்பு, எள், வெற்றிலை. ஹாலில் லேப்டாப்புக்கு முன்னால் தர்ப்பைப் பவித்திரத்தோடு உட்கார்ந்து, வாத்தியார் சொல்வதைத் திருப்பிச் சொல்வேன். பாதி சொற்கள் வாய்க்குள் நுழையாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். ஆனால் செய்து முடித்து எழுந்திருக்கும்போது மனசு ஒரு வாரத்துக்கு அடங்கியிருக்கும். அப்பாவுக்காக நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. ஜனவரியில் அம்மா ஆறு மாத விசாவில் எங்களோடு இருக்க வந்தாள். அப்புறம் ஒவ்வொரு மாசிகத்துக்கும் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் பேசமாட்டாள்.

மே மாதக் கடைசியில் என் பத்து வரிக்கு முதல் அடி விழுந்தது. எங்கள் டீமில் சோதனைப் பொறுப்பில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். நான் எழுதும் எதிலும் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவருக்குத் தனி ருசி. அலாஸ்காவின் அப்போதைய தலைநகரான சிட்காவில் இறந்த ஒரு தச்சரின் பக்கத்தை என் திரையில் திறந்து காட்டினார்.

"இந்த மனுசன் ரெண்டு தரம் செத்திருக்கிறார்" என்றார். "வெள்ளிக்கிழமை ஒருக்கா, சனிக்கிழமை ஒருக்கா. எது சரி எண்டு சொல்லுங்கோ."

தேவாலயப் புத்தகத்தில் அந்தத் தச்சர் இறந்தது அக்டோபர் 7, சனிக்கிழமை. என் நிரல் பன்னிரண்டைக் கூட்டி 19 என்று காட்டியது. புதிதாக வந்திறங்கிய அமெரிக்கப் படை மருத்துவரின் பட்டியலில் அதே ஆள், அதே வியாதி, அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. யாரோ குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதியிருப்பான் என்று எரிந்து விழுந்தேன். ஊர் முழுக்கவா தூங்கினது என்று அவர் அமைதியாகக் கேட்டு, இன்னும் ஏழு பக்கங்களைத் திறந்தார். எல்லாவற்றிலும் ஒரு நாள் இடித்தது.

மூன்று நாள் தோண்டினேன். அந்த அக்டோபர் 18 சாதாரண நாள் இல்லை. அன்று பிற்பகல் சிட்காவில், ஆளுநர் மாளிகை இருந்த குன்றின் மேல், ரஷ்யக் கொடியை இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்றினார்கள். ரஷ்யக் கொடி இறங்க மறுத்தது. கம்பத்தில் சுற்றிச் சிக்கிக்கொண்டது. இழுத்தார்கள், கிழிந்தது. சிப்பாய்களைக் கம்பத்தில் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் கயிற்றில் பலகை கட்டி ஒருவனை மேலே தூக்கி, அவன் அறுத்துப் போட்டான். அது கீழே நின்ற ரஷ்ய வீரர்களின் துப்பாக்கி முனைகளின் மேல் விழுந்தது. ஆளுநரின் மனைவி அழுதுவிட்டார் என்கிறார்கள். அந்த மண்ணின் பழங்குடிகள் படகுகளிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். விற்றவர்களும் அவர்களைக் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை.

சிட்காக்காரர்களுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, அக்டோபர் 6. மறுநாள் அவர்கள் எழுந்தது சனிக்கிழமை, 7ஆம் தேதி. கொடி மாறியதும் அதே நாள் வெள்ளிக்கிழமை, 18ஆம் தேதி ஆகிவிட்டது. அடுத்தடுத்து இரண்டு வெள்ளி. ரஷ்யர்கள் சைபீரியாவைத் தாண்டி, கிழக்கு நோக்கி நடந்தும் கடல் கடந்தும் அங்கே வந்தவர்கள். வரும்போது மாஸ்கோவின் கிழமையையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் மறுபக்கத்திலிருந்து வந்தவர்கள், ஒரு நாள் பின்னால் இருந்தார்கள். ஆக, பீட்டர்ஸ்பர்க்குக்குப் பன்னிரண்டு என்றால் சிட்காவுக்குப் பதினொன்றுதான். தச்சர் ஒரே தரம்தான் செத்தார். இரண்டு புத்தகமும் உண்மையைத்தான் எழுதியிருந்தன. என் பத்து வரிதான் அலாஸ்காவின் அத்தனை சாவையும் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தது.

நிரலைத் திருத்திவிட்டு யாழ்ப்பாணத்துக்காரரின் மேஜைக்குப் போய் விளக்கினேன். அவருக்குப் புரிய வேண்டுமே என்று ஓர் உதாரணம் சொன்னேன்.

"இப்ப இந்தியாவில சனிக்கிழமை காலைன்னு வச்சுக்கோங்க. நமக்கு இங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆள் செத்தது அங்க. தேதியை இங்க இருக்கறவன் எழுதினா..."

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அவர், பிறகு என்ன என்று கேட்டார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். போனில் பழைய படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். வெள்ளிக்கிழமை, மாலை 6:15, சென்னை. அப்படி ஒரு நேரத்தில் அப்பா சாகவே இல்லை. சென்னையில் வெள்ளிக்கிழமை மாலை ஆறே காலுக்கு அவர் உயிரோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். இறந்தது மறுநாள் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். நவமி அன்று விடியலுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அப்பாவின் திதி தசமி. நான் பதினோரு மாதமும், லீவு போட்டு, பட்டினி கிடந்து, பவித்திரம் போட்டு, நவமியில் செய்திருந்தேன். அவர் உயிரோடு இருந்த திதியில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டிருந்தேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு முதலில் அகப்பட்டவர் வாத்தியார். அவர் ஏதோ கிரகப்பிரவேசத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். ஊர் சென்னைன்னு நீங்கதானே போட்டிருந்தேள் என்று நியாயமாகக் கேட்டார். பிறகு சமாதானமாக, மனசுதான் முக்கியம் என்றார். மனசுதான் முக்கியம் என்றால் மாதா மாதம் எதற்குத் திதி பார்த்து அனுப்பினீர்கள் என்று கத்தினேன். அவர் பதறவில்லை. வருஷம் முடிந்து வரும் பெரிய திவசத்தைச் சரியான தசமியில் செய்துவிடலாம், தப்புக்கு ஒரு பிராயச்சித்தமும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்குக்கூட அவர் மேல் தப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் பாக்கி. மாதக் கடைசியில் அவளுக்கு விமானம். திவசத்தைத் தசமிக்கு மாற்றினால் ஏன் என்று கேட்பாள். மாற்றாவிட்டால் தெரிந்தே தப்பாகச் செய்ய வேண்டும். "சொல்லி என்ன ஆகப்போறது? நவமியிலயே முடிச்சுடு. அவா நிம்மதியா ஊருக்குப் போகட்டும்" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் இரக்கம் இருந்தது. ஆனால் புருஷனுக்கு ஒரு வருஷம் ஒன்றுமே போய்ச் சேரவில்லை என்பது தெரியாமல் அம்மாவை விமானம் ஏற்றிவிட்டு, நான் எப்படி வீட்டுக்குத் திரும்பி வந்து சோபாவில் உட்காருவேன்?

ஒரு வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுத்தமாக இருந்த காரை இரண்டு தடவை கழுவினேன். யாரும் கேட்காமலே கடைக்குப் போய் வாழைக்காய் வாங்கி வந்தேன், ஏற்கெனவே வீட்டில் நாலு இருந்தது. மீட்டிங்கில் என் பெயரைக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. இந்தியாவில் இப்போது என்ன நேரம், என்ன கிழமை, என்ன திதி என்று கை தானாகப் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், காபி வேணுமா என்று கேட்டு மூடிவிடுவேன்.

சனிக்கிழமை காலை மனைவி யோகா வகுப்புக்குப் போயிருந்தாள். அம்மா சமையலறை மேடையில் கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் மூடினேன். மூன்றாவது தடவை மூடியபோது அம்மா நிமிர்ந்தாள்.

"வேலை போயிடுத்தாடா?"

"இல்லம்மா."

"பின்னே என்ன? ஒரு வாரமா கூண்டுப் புலியாட்டம் நடந்துண்டிருக்கே."

சொன்னேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சிட்காவிலிருந்து ஆரம்பித்தேன். கொடி சிக்கியதை எல்லாம் சொன்னேன், இரண்டு வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். அம்மா குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு படிவத்துக்கு வந்தேன். அப்பாவுக்கு நான் செய்தது ஒன்றுகூடச் சரியான நாளில் இல்லை என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றாள் அம்மா.

எனக்குப் புரியவில்லை.

"நான் வந்த மறுவாரமே மாசிகம் வந்துதே. வாத்தியார் நவம்யாம்னு சொன்னார். நீயும் கணீர்னு திருப்பிச் சொன்னே. அவர் போனது தசமி. பக்கத்துல இருந்தது நான். எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா அப்பவே சொல்லலே?"

இன்னொரு கொத்தை எடுத்து முழுக்க உருவி முடித்த பிறகுதான் பேசினாள்.

"கோபம். நீ வரலேன்னு. அவரைக் கிடத்தி வச்சிருந்தப்போ வாசல்ல ஒவ்வொரு கார் வரச்சேயும் எட்டிப் பார்த்தேன். நீ வரப்போறதில்லேன்னு சொன்னதுக்கு அப்புறமும் பார்த்தேன். இங்க வந்து நீ தப்பான நாள்ல உக்காந்து பண்றதைப் பார்த்தப்போ, பண்ணட்டும், போய்ச் சேர வேண்டாம்னு இருந்தது. பெத்த பிள்ளையை அப்படி நினைக்கப்படாது. நினைச்சேன்."

அவள் அழவில்லை. பஸ் வராததைப் பற்றிச் சொல்கிறவள் குரலில் சொன்னாள். ஐந்து மாதம் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா அந்த ஐந்து மாதமும் பட்டினியா என்று கேட்டேன். என் வாயில் அப்படி ஒரு கேள்வி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. இல்லை என்றாள். நாங்கள் ஆபீஸ் போன பிறகு ஒவ்வொரு தசமியும் அவளே தனியாகச் சமைத்து, பின்பக்கம் வேலிப் பலகையின் மேல் காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டாளாம்.

"அவருக்கு ஒரு குறையும் இல்லை" என்றாள். "வர வியாழக்கிழமை தசமி. ஆபீசுக்கு லீவு சொல்லிடு. இதையாவது சரியாப் பண்ணு."

சரி என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால் ஒரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வாக்கியம் தானாகக் கிளம்பியது. வக்கீல், கார்டு, கடைசிப் படி என்று பாதி சொல்லிவிட்டேன். அம்மா கையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். மீதி வரவில்லை.

"வந்திருக்கலாம்மா" என்றேன். "பயந்துண்டு வரலே."

அம்மா கறிவேப்பிலைக் காம்புகளை ஒன்றாகச் சேர்த்தாள்.

"அப்பாவுக்குக் கடைசி மூணு நாள் நினைவே இல்லை. நீ வந்திருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருக்கும்."